நட்டின் இறுக்கம் வேறு, பினியனின் இறுக்கம் வேறு

கேள்வி: ஐயா, எங்கள் பழைய மஹிந்திரா டீசல் ஜீப் போடிநாயக்கனூரிலிருந்து ஏலத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் போடிமெட்டு ஏறி இறங்குகிறது. பின் அச்சு டேனா 44 வகை. கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனின் பேரிங்கில் சத்தம் வந்ததால் பட்டறையில் விட்டு நான்கு பேரிங்கும் புதிதாகப் போட்டோம். கிரவுனும் பினியனும் பழையவைதான். பல்லில் மை தடவிப் பார்த்த மெக்கானிக், பினியன் கொஞ்சம் உள்ளே வர வேண்டும் என்று உள் பேரிங் கப்புக்குப் பின்னால் ஒரு மெல்லிய ஷிம் (இடைவெளியை நிரப்பும் உலோக வளையம்) கூட்டினார். வெளிப்பக்க ஷிம்களைப் பழையபடியே போட்டு, நான்கு அடிக் குழாய் மாட்டி நட்டை இறுக்கினார். அறுபது கிலோமீட்டர் ஓடியதும் பினியன் கழுத்தில் கை வைக்க முடியாத சூடு. ஆயில் சீல் கசிகிறது. ஒரே சீரான உறுமல். திறந்து பார்த்தால் வெளி பேரிங் நீலம் பாரித்திருக்கிறது. "புது பேரிங் அப்படித்தான், ஓட ஓடத் தளர்ந்துவிடும்" என்கிறார் மெக்கானிக். இன்னொருவர் குழாய் போட்டு இறுக்கியதே தவறு, பிரீலோடு, அதாவது பேரிங்கில் முன்கூட்டியே வைக்கும் அழுத்தம், 30 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்கிறார். புது பேரிங் போட்டு, இந்த முறை நட்டைக் கொஞ்சம் தளர்வாக விட்டுவிடலாமா? பிரீலோடு சரியா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

பதில்: தம்பி, முதலில் உங்கள் கடைசி யோசனைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இதைப் படிப்பதற்குள் யாராவது அதைச் செய்துவிடக்கூடும். நட்டைத் தளர்வாக விடாதீர்கள். உங்கள் அச்சில் நட்டு குற்றவாளி அல்ல, அந்த நான்கு அடிக் குழாயும் அல்ல. குற்றவாளியை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள், கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டீர்கள். உள் கப்புக்குப் பின்னால் கூட்டிய அந்த மெல்லிய ஷிம்தான் அது.

எப்படி என்று சொல்கிறேன். பினியன் தண்டில் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் இருக்கின்றன. பல் இருக்கும் பக்கத்தில் பெரியது. நீங்கள் உள் பேரிங் என்று எழுதியது இதுதான்; அதைத் தலைப் பேரிங் என்று வைத்துக்கொள்வோம். முன்னாலிருந்து வரும் சுழல்தண்டு இணையும் யோக் பக்கம் சிறியது, உங்கள் வெளி பேரிங். அது வால் பேரிங். இரண்டின் கப்புகளும், அதாவது வெளி வளையங்களும், ஹவுசிங் என்ற கூட்டில் முதுகோடு முதுகு பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. கோன்கள், அதாவது உள் வளையங்கள், தண்டில் இருக்கின்றன. நட்டை இறுக்கும்போது வால் பேரிங்கின் கோன் உள்நோக்கி நகர்ந்து, இரண்டு கோன்களும் இரண்டு கப்புகளையும் நடுவில் வைத்துப் பிடிக்கின்றன. அப்படியே விட்டால் நட்டு இறுக இறுக ரோலர்கள் நசுங்க வேண்டியதுதான். அதைத் தடுப்பது எது? தண்டில் இருக்கும் படியும், அந்தப் படிக்கும் வால் கோனுக்கும் நடுவில் இருக்கும் வெளிப்பக்க ஷிம்களும். கோன் ஷிம்மில் போய் முட்டியதும் நின்றுவிடுகிறது. அதற்குமேல் நீங்கள் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அந்த பலம் தண்டையும் ஷிம்மையும் கோனையும் ஒரே துண்டாகச் சேர்த்துக் கவ்வுகிறது, ரோலருக்குப் போவதில்லை.

ஆகவே பேரிங் எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதை முடிவு செய்வது ஷிம்மின் கனம். நட்டின் வேலை கவ்வுவது மட்டுமே. வெளிப்பக்க ஷிம்மைக் குறைத்தால் கோன் இன்னும் உள்ளே போகும், பிரீலோடு ஏறும். கூட்டினால் இறங்கும். இதுவரை எல்லா மெக்கானிக்குகளுக்கும் தெரியும். தவறிப்போகும் இடம் அடுத்தது: தலைப் பேரிங் கப்புக்குப் பின்னால் ஷிம் கூட்டினால் அந்தக் கப் கிரவுன் பக்கமாக நகர்கிறது. வால் கப் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டு கப்புகளுக்கும் நடுவே தூரம் கூடிவிட்டது. ஆனால் கோன்களுக்கு நடுவே இருக்கும் தூரம் பழையதே. விளைவு, நீங்கள் வெளிப்பக்கத்தில் அதே கனத்துக்கு ஷிம்மை உருவி எடுத்ததற்குச் சமம். உள்ளே 0.1 மில்லிமீட்டர் கூட்டினால் வெளியிலும் 0.1 மில்லிமீட்டர் கூட்ட வேண்டும். பழைய ஜீப் கையேடுகளில் இது ஒற்றை வரியாக இருக்கும். அந்த ஒற்றை வரியைத் தாண்டிப் போனதன் விலையாக எத்தனை பேரிங் நீலமானதோ!

0.1 மில்லிமீட்டர் என்பது நாம் எழுதும் வெள்ளைத் தாள் ஒன்றின் கனம்தான். அவ்வளவுக்கா இந்தப் பாடு என்று கேட்கலாம். ரோலரும் கப்பும் கடினமாக்கப்பட்ட எஃகு. அவை ரப்பர்போல் விட்டுக்கொடுக்காது. 0.025 மில்லிமீட்டர், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் மாறினாலே கையால் சுற்றும்போது வித்தியாசம் தெரியும். தாள் கனம் என்பது அங்கே மலை.

இப்போது அந்த 30 கிலோ கதைக்கு வருகிறேன். இரண்டு மெக்கானிக்குகளும் பாதி உண்மையைச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். இந்த வகை அச்சில் பினியன் நட்டுக்குக் கையேடு சொல்லும் இறுக்கம் 200 முதல் 220 அடி-பவுண்டு. ஏறக்குறைய 28 முதல் 30 கிலோ-மீட்டர். தூரத்தைச் சொல்லும் கிலோமீட்டர் அல்ல, ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் முப்பது கிலோ தொங்கினால் வரும் முறுக்கு. உங்கள் மெக்கானிக்கின் நான்கு அடிக் குழாய் 1.2 மீட்டர். அதன் நுனியில் அவர் 25 கிலோ அளவுக்கு அழுத்தியிருந்தால் சரியாக 30 வந்துவிடும். ஆக, அவர் செய்தது பெரும்பாலும் சரியான இறுக்கமே. பிரீலோடு என்பது வேறு எண். எல்லாம் பூட்டிய பிறகு பினியனைச் சுற்றிக்கொண்டே இருக்க எவ்வளவு முறுக்கு வேண்டும் என்பதுதான் அது. புது பேரிங்குக்கு, ஆயில் சீல் இல்லாமல், இந்த வகை அச்சுகளில் பொதுவாகக் கொள்ளும் அளவு 20 முதல் 40 அங்குல-பவுண்டு. நம் கணக்கில் 23 முதல் 46 கிலோ-சென்டிமீட்டர். நடுவாக 30 என்று வைத்தால், ஒன்று 30 கிலோ-மீட்டர், மற்றொன்று 30 கிலோ-சென்டிமீட்டர். நூறு மடங்கு வித்தியாசம். இரண்டையும் வெறுமனே "முப்பது கிலோ" என்று சொல்லிப் பழகியதால் வந்த வினை. ஒருவர் முதல் முப்பதைப் பற்றியும் இன்னொருவர் இரண்டாவது முப்பதைப் பற்றியும் பேசுகிறார்கள். நடுவில் நீங்கள் பேரிங் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

நட்டைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கையால் சுற்றிப் பார்க்கும்போது சரியாகிவிட்டதுபோலவே இருக்கும். கோன் ஷிம்மை விட்டு ஒரு மயிரளவு விலகி, பினியன் லகுவாகச் சுற்றும். ஆனால் அது எதிலும் முட்டி நிற்கவில்லை. ஓடும்போது கோன் தண்டின் மேல் மெல்ல நழுவிச் சுற்றும், ஷிம்கள் அடிபட்டுத் தேயும், யோக்கின் பல் வரிகளில் ஆட்டம் விழும். உங்கள் பாதையில் இது இன்னும் மோசம். மலை ஏறும்போது பினியன் கிரவுனிலிருந்து விலகி முன்னால் தள்ளப்படுகிறது. அதைத் தலைப் பேரிங் தாங்குகிறது. இறங்கும்போது கியரில் பிடித்து வண்டியைக் கட்டுப்படுத்துகிறீர்கள் அல்லவா, அப்போது கிரவுன் பினியனைத் தன் பக்கம் இழுக்கிறது. அதைத் தாங்க வேண்டியது வால் பேரிங். போடிமெட்டில் காலையில் ஒரு முறை ஏறி மாலையில் ஒரு முறை இறங்கினால், பிரீலோடு இல்லாத பினியன் தினமும் முன்னும் பின்னும் நடைபோடும். பல்லோடு பல் பொருந்தும் இடம் ஏற்றத்தில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று. சமவெளியில் ஓடும் காரில் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும் கோளாறு உங்களுக்குச் சில நாட்களில் வந்துவிடும். அந்த நடையைத் தடுப்பதுதான் பிரீலோடின் வேலையே. எந்தப் பக்கம் தள்ளினாலும் இடைவெளி திறக்காதபடி முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைப்பது.

"ஓட ஓடத் தளரும்" என்பதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. புது பேரிங்கின் பரப்புகள் பழகியதும் பிரீலோடு கொஞ்சம் இறங்கும். பழகிய பழைய பேரிங்கையே திரும்பப் போட்டால் 10 முதல் 20 அங்குல-பவுண்டு போதும் என்று பாதியாகச் சொல்வதற்குக் காரணம் அதுதான். ஆனால் அந்த இறக்கம் புது பேரிங்கின் கணக்கில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறது. அளவுக்கு மீறி இறுகிய பேரிங் பழகித் தளராது. அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் பிதுங்கி ஓடும், சூடு ஏறும், உள்வளையம் விரியும், அதனால் இன்னும் இறுகும். எஃகு நீலமாக வேண்டுமானால் 300 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு பட்டிருக்க வேண்டும். அந்தச் சூட்டில் பேரிங் எஃகின் கடினத்தன்மையே போய்விடும். தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

முதலில் வால் பேரிங் போனதிலும் வியப்பில்லை. அது சிறியது. எண்ணெயும் அதற்குக் கடைசியாகத்தான் போய்ச் சேரும்; கிரவுன் வாரியிறைப்பதுதான் அங்கே வழிந்து வர வேண்டும். மலை ஏறும்போது ஜீப்பின் மூக்கு தூக்கி நிற்கிறது, எண்ணெய் பின்னால் வழிகிறது. இறுக்கமும் வறட்சியும் சேர்ந்துகொண்டால் அறுபது கிலோமீட்டர் தாங்கியதே பெரிது. சீல் கசிந்தது இந்தச் சூட்டால் இருக்கலாம். ஆனால் அச்சின் மேல் இருக்கும் மூச்சுக்குழாயையும் ஒரு முறை கழற்றி ஊதிப் பாருங்கள். தோட்டத்துச் சேறு அடைத்திருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் கசியும்.

அளக்கும் வழி கேட்டீர்கள். இதைப் பற்றிப் பேசுவதென்றால் எனக்கு நேரம் போவது தெரியாது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் மேசைக்கு மேலே ஓர் ஆணியில் ஒரு வில் தராசைத் தொங்கவிட்டிருப்பார். மீன்காரர்கள் கையில் பிடிப்பார்களே, அதே கொக்கித் தராசு. சேர்ந்த புதிதில், கழித்த இரும்பை எடைக்குப் போடும்போது ஏமாறாமல் இருக்க வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் லாரி பினியன் ஒன்றை நானே பூட்டி, கையால் சுற்றிக் காட்டி, "சரியாக இருக்கிறது" என்றேன். அவர் பதில் பேசாமல் தராசை எடுத்து, கயிறு சுற்றி, இழுத்துக் காட்டினார். கையேட்டு எண்ணைப்போல இரண்டரை மடங்கு வந்தது. என் கைக்கு அது இனிமையான இறுக்கமாகத் தெரிந்திருந்தது. அன்றைக்கு என் கையின் மேல் இருந்த நம்பிக்கை போனது, இன்றுவரை திரும்பவில்லை.

உங்களுக்கு வேண்டியவை அதே தராசு, மெல்லிய நைலான் கயிறு, ஒரு வட்டத் தட்டு. யோக் கவைபோல இருப்பதால் அதில் நேராகக் கயிறு சுற்ற முடியாது. லேத் கடையில் 10 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான விட்டத்தில், ஓரத்தில் கயிறு உட்காரும்படி ஒரு பள்ளம் விட்டு, ஒரு தட்டுக் கடையச் சொல்லுங்கள். பள்ளத்தின் அடியிலிருந்து நடுப்புள்ளிவரை சரியாக 5 சென்டிமீட்டர் இருக்கட்டும். அதை யோக்கில் நடுவாகப் பிடித்துக் கட்டிவிடுங்கள். கிரவுன் பூட்டியிருக்கும் டிஃபரன்ஷியல் கேஸ் இன்னும் உள்ளே ஏறக்கூடாது. பினியன் மட்டும் தனியாக நிற்க வேண்டும். ஆயில் சீல் போடாதீர்கள், அதன் உரசலும் கணக்கில் சேர்ந்துவிடும். பேரிங்கில் லேசாக எண்ணெய் தடவி, நட்டை முழு இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, பினியனைப் பத்துப் பதினைந்து சுற்று சுற்றிவிடுங்கள். ரோலர்கள் தங்கள் இடத்தில் உட்கார அது வேண்டும். பிறகு தட்டில் நான்கைந்து சுற்று கயிறு சுற்றி, தராசை மாட்டி, ஒரே வேகத்தில் நேராக இழுங்கள்.

தராசு முதலில் ஒரு துள்ளல் துள்ளும். அது கிளம்பும் பலம், அதை விட்டுவிடுங்கள். சீராகச் சுழலும்போது முள் நிற்கும் இடம்தான் உங்கள் எண். அதை 5 ஆல் பெருக்கினால் கிலோ-சென்டிமீட்டர். 6 கிலோ காட்டினால் 30, நல்ல இடம். 4.6 கிலோவிலிருந்து 9.2 கிலோவரை உங்கள் எல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 6க்கும் 7க்கும் நடுவில் நிறுத்துவேன். மேல் எல்லையைத் தொட ஆசைப்பட மாட்டேன். 12, 14 என்று காட்டினால் வெளிப்பக்கத்தில் 0.05 மில்லிமீட்டர் ஷிம் கூட்டி மறுபடி பூட்டுங்கள். ஆம், ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் முழு இறுக்கத்துக்குப் பூட்ட வேண்டும். அரை இறுக்கத்தில் எடுத்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. தராசின் மேல் சந்தேகம் இருந்தால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். முள் காட்டும் சிறிய டார்க் ரெஞ்ச் கிடைத்தால் தராசே வேண்டாம். 'டிக்' என்று சத்தம் தரும் வகை இந்த வேலைக்கு உதவாது. அது சுழலும் பலத்தைக் காட்டாது.

நட்டை இறுக்கும்போது கிரவுன் பல்லுக்கு நடுவே உளியையோ ஸ்க்ரூ டிரைவரையோ செருகி நிறுத்தும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒரு நீளமான இரும்புப் பட்டையில் துளை போட்டு யோக்கில் பிடித்தால் அது தரையில் முட்டி நிற்கும். உங்கள் நட்டு ஊசி செருகும் வகையாக இருந்து, துளை நேராக வராவிட்டால் முன்னோக்கிக் கொஞ்சம் இறுக்கித்தான் நேர்செய்ய வேண்டும்; பின்னோக்கித் தளர்த்தக்கூடாது. ஷிம் வகை அச்சில் அந்தக் கொஞ்சம் கூடுதல் இறுக்கம் பிரீலோடைக் கெடுக்காது.

வேறு பல கார்களில் ஷிம்முக்குப் பதிலாக இரண்டு பேரிங்குக்கும் நடுவே நெளியும் ஸ்லீவ் ஒன்று இருக்கும். அங்கே நான் மேலே சொன்னது தலைகீழ். நட்டு இறுக இறுக ஸ்லீவ் நசுங்கி, பிரீலோடு ஏறிக்கொண்டே போகும். ஸ்லீவ் நசுங்கத் தொடங்கவே பெரும்பாலும் 30 கிலோ-மீட்டருக்கு மேல் பலம் வேண்டும். தொடங்கிய பிறகு நட்டின் சிறு அசைவுக்கே எண் எகிறும். எல்லை தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, புது ஸ்லீவ்தான். உங்கள் இரண்டாவது மெக்கானிக் கார் வேலையில் ஊறியவராக இருந்தால் குழாயைக் கண்டு பயந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். அவர் அனுபவம் பொய்யல்ல, உங்கள் அச்சுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். ஷிம் வகையை ஸ்லீவ் வகையாக மாற்றலாம் என்று யாராவது சொன்னாலும் மாற்றாதீர்கள். மலைப் பாதையில் ஓடும் வண்டிக்கு ஷிம்தான் வரம். வருடத்துக்கு இரண்டு முறை சீல் மாற்றினாலும் நட்டைப் பழைய இறுக்கத்துக்குக் கொண்டுவந்தால் பிரீலோடு பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இனி அந்தக் கூட்டிய ஷிம்மை வைப்பதா, எடுப்பதா? உங்கள் கிரவுனும் பினியனும் பல வருடம் சேர்ந்து ஓடியவை. அவை தங்களுக்குள் தேய்ந்து ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதை மாற்றினால் மையின் தடம் அழகாகத் தெரிந்தாலும் ஓட்டத்தில் ஊளையிடலாம். அதனால் முதலில் பழைய ஆழத்திலேயே, ஷிம் கூட்டாமல், புது பேரிங்கோடு பூட்டித் தடம் பாருங்கள். புது பேரிங்கின் உயரம் பழையதிலிருந்து கொஞ்சம் மாறியிருக்கலாம், அப்போது கூட்டத்தான் வேண்டியிருக்கும். தடம் பல்லின் மேல் விளிம்பை ஒட்டி விழுந்தால் பினியன் உள்ளே வர வேண்டும், ஷிம் கூட்ட வேண்டும். பல்லின் அடியை ஒட்டி விழுந்தால் எடுக்க வேண்டும். உங்கள் மெக்கானிக் மை தடவிப் பார்த்திருக்கிறார் என்பதே எனக்கு அவர்மேல் மதிப்பைத் தருகிறது. பாதிப் பேர் அதுகூடச் செய்வதில்லை. உள்ளே எது செய்தாலும் வெளியே அதையே செய்துவிடுங்கள், பிறகு தராசு பேசட்டும். கப் ஹவுசிங்கில் முழுவதும் உட்கார்ந்ததா என்பதிலும் கவனம் தேவை. அடிக்கும்போது மந்தமாக இருந்த சத்தம் கடைசியில் கணீரென்று மாறும். அந்தச் சத்தம் வராமல் நிறுத்தினால் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு கப் தானாக உட்காரும். நீங்கள் வைத்த பிரீலோடும் அதோடு காணாமல் போகும்.

கேஸை இரண்டு பக்கமும் தாங்கும் பக்கவாட்டு பேரிங்குகளுக்கும் பிரீலோடு உண்டு. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நான்கும் மாற்றியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் அச்சில் அந்த ஷிம்கள் கோனுக்கும் கேஸுக்கும் நடுவில் இருக்கின்றன. ஷிம் இல்லாமல் கேஸை வைத்து, டயல் கேஜ் மாட்டி, இடமும் வலமும் நெம்பினால் மொத்த ஆட்டம் தெரியும். அந்த ஆட்டத்துக்குச் சமமான ஷிம்மோடு, கையேட்டைப் பொறுத்து 0.2 முதல் 0.38 மில்லிமீட்டர் வரை கூடுதலாகச் சேர்ப்பதுதான் அங்கே பிரீலோடு. மொத்தத்தை இரண்டு பக்கமும் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பது பல்லுக்குப் பல் இருக்கும் ஆட்டத்தைத் தீர்மானிக்கும். அது 0.13 முதல் 0.23 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், கிரவுனின் நான்கு இடத்தில் பார்த்தாலும் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடாமல் இருந்தால் நல்லது. அந்தக் கூடுதல் ஷிம்மோடு கேஸ் உள்ளே இறங்க மறுக்கும். அதற்கென்று ஹவுசிங்கை விரிக்கும் கருவி உண்டு. அரை மில்லிமீட்டருக்கு மேல் விரித்தால் ஹவுசிங் கோணிவிடும். கருவி இல்லாத பட்டறைகளில் மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்குவார்கள். நானும் செய்திருக்கிறேன், பெருமையாகச் சொல்ல மாட்டேன்.

கேஸ் ஏறியதும், சக்கர அச்சுகள் வெளியே இருக்கும்போதே, மறுபடி ஒரு முறை தராசால் இழுத்துப் பாருங்கள். பினியன் தனியாகக் காட்டியதைவிடக் கொஞ்சம் கூடியிருக்க வேண்டும். கொஞ்சமும் கூடவில்லை என்றால் பக்கவாட்டு பேரிங்கில் பிரீலோடு விழவில்லை என்று அர்த்தம்.

நீலமான அந்த வால் பேரிங்கை எறிந்துவிடுங்கள். ஆனால் முதலில் கழற்றிய பழைய பேரிங்குகள் இன்னும் பட்டறையில் கிடந்தால், அவற்றின் கோன் துளையை லேசாகத் தேய்த்து, கையால் போட்டுக் கையால் எடுக்கும்படி செய்து வையுங்கள். ஷிம் கூட்டிக் குறைக்கும்போது ஒவ்வொரு முறையும் புது பேரிங்கைப் புல்லர் போட்டு இழுத்துக் கெடுக்காமல், இதை மாட்டிச் சோதிக்கலாம். புதியதும் பழையதும் ஒரே எண், ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உயரம் மாறும். எதுவானாலும் கடைசி எண்ணைப் புது பேரிங்கில்தான் எடுக்க வேண்டும்.

பூட்டி முடித்ததும் ஹைப்பாய்ட் பல்லுக்கான இபி 90 எண்ணெயைத் துளை மட்டம்வரை ஊற்றுங்கள், மட்டம் பார்க்கும்போது வண்டி சமதளத்தில் நிற்கட்டும். முதல் நாளே ஆட்களை ஏற்றி மலை ஏற வேண்டாம். போடியிலிருந்து தேனிவரை காலியாகப் போய் நிறுத்தி, உடனே பினியன் கழுத்திலும் ஹவுசிங்கின் வயிற்றிலும் மாறி மாறிக் கை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடாக இருந்தால் நல்லது. கழுத்து மட்டும் சுடுகிறது என்றால் அங்கேயே நில்லுங்கள், மலை ஏறாதீர்கள். எல்லாம் சரியென்றால் முதல் 800 கிலோமீட்டருக்குப் பிறகு எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

உங்கள் மெக்கானிக்கிடமே இந்த வேலையைத் திரும்பக் கொடுங்கள் என்பது என் எண்ணம். தராசைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தால் அவரே ஆர்வத்தோடு இழுத்துப் பார்ப்பார். மூன்று எண்களை மட்டும் குறித்து எனக்கு எழுதுங்கள்: ஷிம்கள் இப்போது இருக்கும் நிலையில் தராசு காட்டியது, சரிசெய்த பிறகு காட்டியது, கேஸ் ஏறிய பிறகு காட்டியது. முதல் எண் 12 கிலோவுக்குக் குறைவாக வந்தால் என் கணிப்பு தவறு. அப்போது வேறு இடத்தில் தேட வேண்டும்.